டாலருக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடியாக எல்லோரும் பயந்தது டாலருக்குத்தான். நான் அப்போது நான்காம் வகுப்பு. மாடம்பாக்கத்தில் கீழ்ப்போர்ஷனில் நாங்களும் மாடியில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தோம். காலையில் எழுந்ததும் சித்தப்பா பல்கூடத் துலக்காமல் கீழே இறங்கி வந்து, டிவியில் ஒரு இங்கிலீஷ் சேனலைப் போடுவார். கோட்டு போட்டவர்கள் பேசுவதில் ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது. அடியில் ஓடும் எண்களில் ஒன்றுக்காக மட்டும் கண்கொட்டாமல் காத்திருப்பார். அது வந்து போனதும் முகம் தொங்கிப்போகும். அம்மா காபி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவாள்.

நாங்கள் நெல் போட்ட குடும்பம். ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை மனை போட்டு விற்றபோது, அப்பா தன் பங்கில் ஹார்டுவேர் கடை வைத்தார். வீடு கட்டுகிறவர்களுக்கு ஆணியும் தாழ்ப்பாளும் விற்பதில் சித்தப்பாவுக்கு மனசு போகவில்லை. யாரோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதில், கேளம்பாக்கத்தைத் தாண்டி உப்பங்கழி ஓரமாக இரண்டு குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்க்க ஆரம்பித்தார். அப்பாவும் கொஞ்சம் போட்டார். முதல் அறுவடை அமோகம். எனக்கு ஒரு சைக்கிள் வந்தது. நம் குட்டை இறாலை அமெரிக்காக்காரன் சாப்பிடுகிறான் என்று சித்தப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டுதான் அதையும் சொல்வார். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. அடுத்த அறுவடை முடிந்ததும் அந்தப் பணத்தில் அடையாறு பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். சித்தி அதற்காக வெள்ளிக்கிழமை தவறாமல் தெருக்கோடி அம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்குப் போட்டு வந்தாள்.

அந்த அடுத்த அறுவடை நேரத்தில்தான் டாலர் இறங்க ஆரம்பித்தது.

எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மிஸ், நம் ரூபாய் பலசாலி ஆகிவிட்டது, டாலரையே கீழே தள்ளிவிட்டது என்றார். வகுப்பே கை தட்டியது. கிரிக்கெட்டில் ஜெயித்த மாதிரி நானும் தட்டினேன். அம்மா தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். டாலர் இப்படியே இறங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு விஷயத்தை விளங்க வைத்தவர் இறால் எடுக்கும் ஏஜென்ட். கோவளத்துக்காரர். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அமெரிக்காக்காரன் அதே டாலர்தான் குடுக்கறான்ணா. ஒரு டாலர் கொறைக்கல. அத இங்க கொணாந்து மாத்தினா ரூபா கம்மியா வருது. நான் இன்னா பண்ணட்டும்?"

சித்தப்பாவுக்கு இது மண்டையைக் குடைந்தது. இறால் அதே இறால். தீனி விலை ஒரு பைசா குறையவில்லை. வாங்குகிறவன் குறைத்துக் கேட்கவில்லை. ஆனால் பணம் மட்டும் வழியில் எங்கேயோ இளைத்துப்போய் வருகிறது. அதைவிட எரிச்சல், டாலர் இறங்க இறங்க மற்றதெல்லாம் ஏறிக்கொண்டே போனதுதான். தங்கம் ஏறியது. அப்பா கடைக்கு வருகிறவர்கள், வெளிநாட்டுக்காரன் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறான், பங்குச்சந்தை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது என்று பீற்றிக்கொண்டார்கள். ஒரே டாலர், ஒருத்தனுக்குப் பாலாகவும் ஒருத்தனுக்கு விஷமாகவும் எப்படி இருக்கிறது என்று சித்தப்பா அப்பாவைக் கேட்பார். அப்பாவுக்குத் தாழ்ப்பாள் விலைதான் தெரியும்.

குட்டையில் இறால் பிடிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று சித்தி சொன்னாள். சித்தப்பா கேட்கவில்லை. காத்திருந்தால் டாலர் திரும்ப ஏறும், அதற்குள் இறாலும் பெருத்துவிடும், பெரிய இறாலுக்குக் கூடுதல் விலை, இரண்டு பக்கமும் லாபம் என்பது அவர் கணக்கு. எங்கள் குடும்பத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். அறுத்த நெல்லை உடனே விற்பவன் அவர்களுக்கு ஏமாளி. மூட்டை கட்டி அடுக்கிவிட்டு, வியாபாரி வழிக்கு வரும்வரை காலை நீட்டி உட்கார்ந்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அதே கெட்டிக்காரத்தனத்தை சித்தப்பா உப்புத்தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்.

சித்தி அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினாள். "கட்டி வெக்கறதுக்கு இது இன்னா நெல்லு மூட்டையா? உசுரு. ஒரு சீக்கு வந்தா இன்னா பண்ணுவ?"

இரண்டு நாள் மாடியில் சமையல் இல்லை. சித்தப்பா கீழே எங்களோடு சாப்பிட்டார். சித்தி சாப்பிட்டாளோ என்னவோ. மூன்றாம் நாள் அவளே ஒரு வழி சொன்னாள். அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பது. காத்திருக்கலாம் என்றால் வெள்ளைப் பூ, உடனே பிடித்துவிட வேண்டும் என்றால் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். அம்மன் என்ன சொன்னாலும் அதற்கப்புறம் வாய் திறக்க மாட்டேன் என்றாள். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை இப்படி முடிவானதுண்டு. டாலருக்குப் பூக்கட்டிப் பார்த்தது அநேகமாக நாங்கள்தான் முதலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தலை குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டார்கள். கோயில் வாசலில் சித்தி விளக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சித்தப்பா வேப்பமரத்துப் பக்கமாகப் போய்ப் பொட்டலங்களை மடித்துக் கொண்டுவந்தார். பூசாரி வாங்கிக் காலடியில் வைத்தார். சித்தி கண்ணை இறுக மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான் எனக்குக் கிட்டத்தில் இருந்ததை எடுத்தேன். பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று இருந்தது. சித்தி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றப் பொட்டலத்தை சித்தப்பா சட்டென்று எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவர் சட்டைப்பையில் எனக்கு எப்போதும் மிட்டாய் இருக்கும். அன்று மத்தியானம் மாடியில் ஆணியில் தொங்கிய சட்டையில் கைவிட்டேன். மிட்டாய் இல்லை, பொட்டலம்தான் இருந்தது. சிவப்பு அரளியாவது தலையில் வைத்துக்கொள்ளலாமே என்று பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டைதான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மன் கல்லாய் உட்கார்ந்துகொண்டே சிவப்பை வெள்ளையாக்கியிருக்கிறாள். ஒரு முறை சொன்னால் போதாது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும், பொட்டலத்தை மடித்தவர் என் சித்தப்பா. ஓடிப்போய்ச் சித்தியிடம் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் சாமி காட்டிய அடையாளத்தை வெளியே சொன்னால் பலிக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே சித்திதான். பொட்டலத்தை முன்பு இருந்தபடியே மடித்து வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு கீழே வந்தேன். அன்று மாலையே சொல்லியிருந்தால் மறுநாள் விடியும்போது குட்டையில் வலை இறங்கியிருக்கும்.

டாலர் ஏறவில்லை. அடுத்த வாரமும் இறங்கியது, அதற்கடுத்த வாரமும். சித்தப்பா டிவிக்கு முன்னால் உட்காருவதை நிறுத்தினார். பிறகு பருவம் தப்பிய மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டையில் வேலை செய்கிறவர் போன் பண்ணினார், காக்காய் இறங்கிவிட்டது என்று. எல்லோரும் ஒரு வேனில் போனோம். கரை முழுக்கக் காக்காயும் கொக்கும். அடியில் மேய வேண்டிய இறால்கள் மேலே வந்து கரையோரம் துவண்டு ஒதுங்கிக் கிடந்தன. ஓட்டில் அரிசிக்குருணை அளவுக்கு வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், சித்தி பயந்த அதே சீக்கு. ஆட்கள் அவசரம் அவசரமாக வலை போட்டு இழுத்தார்கள். ஏஜென்ட் ஐஸ் பெட்டிகளோடு வந்து பார்த்துவிட்டு, பாதிப் பெட்டிகளைக் காலியாகவே திருப்பிக் கொண்டுபோனார். கொடுத்த பணம் தீனிக்கடை பாக்கிக்குக்கூடக் காணவில்லை.

சித்தி குட்டைக் கரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் அழுதேன், நான்தானே பூவை எடுத்தேன் என்று. சித்தி என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "நீ இன்னா பண்ணுவ கண்ணு. அவரு மேலயும் தப்பில்ல. அம்மன் சொன்னா, நாம கேட்டோம். அவதான் நம்மள ஏமாத்திட்டா."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. குத்தகை கைமாறியது. சித்தப்பா அப்பாவின் கடையில் ஆணி நிறுக்க உட்கார்ந்தார். சித்தி அவரை ஒரு நாள், ஒரு சொல் குறை சொன்னதில்லை. அவள் கோபமெல்லாம் அம்மன் மேல்தான். விளக்குப் போடுவதை விட்டாள். ஆடி மாதம் தெருவே கூழ் ஊற்றப் போகும்போது அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள். இன்று நாவலூரில் நான் வாங்கும் சம்பளத்தைக் கொடுக்கிற கம்பெனிக்கும் டாலரில்தான் பணம் வருகிறது. டாலர் ஏறினால் எங்கள் ஆபீசில் கேக் வெட்டாத குறை. சித்தப்பா காலமாகிவிட்டார். சித்தி இன்னும் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், குட்டை போன அந்த நாட்களிலேயே அவள் விட்ட விளக்கை சித்தப்பா பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் சாமி கும்பிடச் சொன்னால் கேலி பேசுகிறவர், வெள்ளிக்கிழமை தோறும் போக ஆரம்பித்தார். உள்ளே போக மாட்டார், வாசலில் நிற்பார். என்னைத் தோளில் தூக்குவதில்லை. என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. என் கை ராசியில்லாத கை என்று அவருக்கு வெறுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தலையணையில் முகம் புதைத்து எத்தனையோ முறை அழுதிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் பின்னாலேயே போனேன். அவருக்கு எப்படியாவது ஆறுதல் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. இவர் காரியம் எல்லாம் முடிந்துபோனது, இவரிடம் சொல்வதால் இனி என்ன பலிக்காமல் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன். "சித்தப்பா, அம்மன் நம்மள ஏமாத்தல. இன்னொரு பொட்டலத்துலயும் வெள்ளப்பூதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் அப்படியே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அம்மனின் அற்புதத்தைக் கேட்டு உருகிப்போய்விட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. சித்தியிடம் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சொல்லிடு கண்ணு," என்றார். "என்னால முடியல. நீயாவது சொல்லிடு."

சாமி ரகசியத்தை மனசுக்குள் வைத்துத் தாங்க முடியாமல்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. நான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். சாமி விஷயம், அவரிடம் சொன்னதே தப்பு, இனி உயிரே போனாலும் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சித்தப்பாவுக்கு நான் ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அவர் கையை ஆட்டி ஆட்டி நடந்து வந்தேன்.