தெல்கர் சொன்ன இரண்டு பதில்கள்

மங்கோலியாவின் வடகோடிப் பனிக்காட்டில் மான் மேய்க்கும் நாற்பது குடும்பங்களில், சமவெளியில் நடக்கும் ஊர்க்கூட்டத்துக்குப் போனவள் தெல்கர் ஒருத்தியே. கூட்டம் ஆண்டுதோறும் மான்கள் கன்று ஈனும் மாதத்தில்தான் கூடும். அம்மாதம் காட்டை விட்டு இறங்குபவர் கன்றை ஓநாய்க்கு எழுதிக் கொடுத்தவராவார். சமவெளியார் இதை அறியாதவர் அல்லர்.

கணவன் சந்தாக்கின் நெஞ்சுவலியே அவளை இறங்க வைத்தது. மாதம் ஒருமுறை குதிரையேறி வரும் நர்ஸ் தரும் மாத்திரையில் அவன் உயிர் தரித்திருந்தது. அந்த வருகையைக் கூட்டத்தில் நிறுத்தப் போவதாகப் பேச்சு அடிபட்டது. தெல்கர் வழித்துணை வேண்டி வானத்துக்குப் பால் தெளித்துவிட்டு, இரண்டு நாள் வழி கடந்து, மண்டபத்தின் கடைசிப் பலகையில் அமர்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனாள்.

தலைவர் தாம்பா நிமிர்ந்தார். "வாங்க அக்கா. காட்டுல எல்லாரும் சுகமா?"

"சுகந்தான்."

வீட்டில் பிணம் கிடந்தாலும் முதற்கேள்விக்குச் சுகம் என்பதே அந்நாட்டு மரபு. தேநீர் பருகிய பின்னரே துயரம் வாய் திறக்கும். தாம்பாவும் அப்படிப் பதில் சொல்லியே வளர்ந்தவர். ஆயினும் கூட்டத்து ஏட்டை எழுதும் எழுத்தன் பக்கம் திரும்பி, "எழுதிக்க தம்பி. சுகம்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் நர்ஸ் எதுக்கு?" என்றார். தெல்கர் எழுவதற்குள் பேச்சு சமவெளிக் கிணற்றுக்குப் போய்விட்டது.

கோடை முடிவதற்குள் மாத்திரை தீர்ந்தது. சந்தாக்கைக் குதிரைமேல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். வாயிலில் இருந்த பெண் சன்னலைத் திறந்துவிட்டாள். "மான் வாடை தாங்கல. வெளிய உக்காருங்க, கூப்புடறேன்."

கூப்பிட்டபோது சந்தாக் இல்லை.

"இவ்வளவு லேட்டாவா கூட்டிட்டு வருவீங்க?" என்றார் மருத்துவர்.

அடுத்த ஆண்டும் கன்று ஈனும் மாதம் வந்தது. தம்பி மனைவி நிறைமாதமாக இருந்தாள், நர்ஸ் இல்லை. தெல்கர் மீண்டும் இறங்கினாள். ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறையும் சொல்லியிராத ஒரு சொல்லை வழியெல்லாம் நாவுக்குப் பழக்கிக்கொண்டே வந்தாள்.

"வாங்க அக்கா. எல்லாரும் சுகமா?"

"சுகமில்ல. எம் புருஷன் செத்துட்டாரு. தம்பி பொண்டாட்டி நெறமாசம். நர்ஸத் திருப்பி அனுப்புங்க."

மண்டபம் திகைத்தது. முதியவர் ஒருவர் தீட்டுக் கழிக்க மும்முறை துப்பினார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "மானோட மானா வளந்தா இப்படித்தான். வந்ததும் வராததுமா சபையில எழவு சொல்லுது பாரு."

தாம்பா சிரிக்கவில்லை. மனம் நொந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். "மொத வார்த்தையே அபசகுனம். அத ஏட்டுல ஏத்தாத தம்பி."

கூட்டம் கலைந்தது. ஏட்டில் காட்டுக்குரிய பக்கம் வெறுமையாக இருந்தது. ஏதேனும் எழுதியாக வேண்டுமே என்று எழுத்தன் அவளை வாயிலில் நிறுத்தினான்.

"மானெல்லாம் சுகமாக்கா?"



"மானுக்கு ஒரு கொறையும் இல்ல."

அதை அவன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டான்.