தண்ணி மாமாவின் லாரி

ஊருக்கெல்லாம் அவர் தண்ணி மாமா. தண்ணீர் லாரி ஓட்டிக் கிழடு தட்டியவர். பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை அவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. லாரியோடு மட்டும் ஓயாமல் பேசுவார். ஒரே மகள். அவள்தான் அவருக்கு உலகம்.

மகள் வாழ்க்கைப்பட்ட ஊரில் காலரா வந்தது. அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். ஓடிப்போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டார். "என் கண்ணு முன்னால இருந்தா அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

நகராட்சி ஆட்கள் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் வெள்ளைப் பொடிப் பொட்டலங்களைக் கொடுத்து, கிணற்றிலிருந்து லாரியை நிரப்பும்போதெல்லாம் தொட்டியில் ஒன்றைக் கொட்டச் சொல்லியிருந்தார்கள். ஒழுங்காகத்தான் கொட்டினார். ஆனால் அந்த நெடி மகளுக்கு ஆகவில்லை. ஒரு வாய் குடித்தால் குடலே வெளியே வருவதுபோல் ஓங்கரித்தாள்.

"அப்பா, பழைய மாதிரியே கொண்டு வாப்பா. இத குடிக்க முடியல."

தெருக்காரர்களும் தண்ணீரில் ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கிறது என்று ஏற்கெனவே அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெற்ற மனம் இளகிவிட்டது. பொட்டலங்கள் சீட்டுக்கு அடியில் போயின. தண்ணீர் தேனாக இருக்கிறதென்று ஊரே மெச்சியது. மெச்சுவதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

அந்த வாரத்து மழையில் கிணற்றை ஒட்டிய சாக்கடை உடைத்துக்கொண்டது. தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. முதலில் அதே தெருத் தையல்காரர் ஒருவர் வாந்திபேதியில் போனார். பிறகு லாரி நிற்கிற தெருவாகப் பார்த்து நோய் விழுந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அங்கேயே கை நனைத்துவிட்டு பஸ் ஏறினார்கள். அவர்கள் ஊர்களிலும் ஆட்கள் படுத்தார்கள்.

கடைசியில் மகள். தண்ணீரோடு நின்ற லாரியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, வராந்தாவில் பாய்தான் கிடைத்தது. கண் குழிந்து கிடந்தவளிடம் நர்ஸ் சலைன் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"வெளியில எங்கயாவது தண்ணி குடிச்சியாம்மா?"

"இல்ல. எங்கப்பா கொண்டு வர்ற தண்ணி மட்டுந்தான்."

பெருமையாகத்தான் சொன்னாள். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் வயிற்றுப் பிள்ளையோடு அவள் போய்ச் சேர்ந்தாள்.

அவர் அழவில்லை. எழுந்து வெளியே வந்தார். நோயாளிகளோடு வந்தவர்கள் குடமும் பாட்டிலுமாக லாரியைச் சுற்றி நின்றார்கள். பின்பக்கக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் ரோட்டில் பெருகி ஓடியது. குடத்தோடு நின்ற ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"இங்க குடிக்கத் தண்ணியில்லாம சாகுறோம், இப்படி மண்ணுல கொட்டுறியே! பாவி, நீயெல்லாம் ஒரு பிள்ளையப் பெத்தவனா?"