அண்ணியின் வகுப்பில் ஒரு கீங்

எங்கள் அண்ணி பதினான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "நாப்பது பிள்ளைங்களுக்கு வில்லைப் பிடிக்கக் கத்துக்கொடுத்தே எனக்கு வயசாயிடும் போல" என்று வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டார். துணி மடித்து வைக்கும் அறையைக் காலி செய்து, மேஜை, லேப்டாப், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர் போட்டு ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தார். பெரியவர்களுக்கு மட்டும். பஸ் டிரைவர், தையல்காரர், பல் டாக்டர் என்று பதினொரு பேர் சேர்ந்தார்கள். பெரியவர்கள் என்றால் அழ மாட்டார்கள் என்பது அண்ணியின் எண்ணம். பல் டாக்டர் இரண்டு தடவை அழுதிருக்கிறார்.

அந்தப் பதினொன்று இப்போது ஐந்தாகிவிட்டது. காரணம் ஒரு சத்தம். வகுப்பு நடுவில் திடீரென்று 'கீ...ங்' என்று கிளம்பி எல்லோர் காதையும் பிளக்கும். மாதக் கடைசிக்குள் இது தீராவிட்டால் நாங்களும் நின்றுகொள்கிறோம் என்று மிச்சப் பேரும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் அண்ணி பழைய பள்ளிக்கூடத்து வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

நான் அவருடைய கொழுந்தன். அரங்கங்களில் மைக் கட்டுவது என் பிழைப்பு. எத்தனையோ மேடைகளில் இந்தச் சத்தத்தை அடக்கியவனுக்கு ஒரு துணி அறை எம்மாத்திரம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனேன்.

விஷயம் சின்னது. இங்கே மைக் கேட்பதை மாணவர் வீட்டு ஸ்பீக்கர் சொல்லும், அது அவர்கள் மைக் வழியாகத் திரும்பி இங்கே ஸ்பீக்கரில் வரும், அதை மைக் மறுபடி கேட்கும். இரண்டு பக்கமும் மாறி மாறிக் குரலை உயர்த்தினால் கடைசியில் கூச்சல்தான். சாதாரணமாக லேப்டாப்பே அதை அமுக்கிவிடும். ஆனால் வயலினையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும் என்பதால், சங்கீதக்காரர்கள் அந்த வசதியை அணைத்து வைப்பார்கள். அப்புறம் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தாக வேண்டும். ஹெட்ஃபோன் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. சொல்லிப் பார்த்தேன்.

"தலையில அதை மாட்டிக்கிட்டா நான் வயலினை எங்க தம்பி வைக்கிறது?" என்றார் அண்ணி. பேச்சு அதோடு முடிந்தது.

முதல் வாரம் மைக்கை மாற்றினேன். இரண்டாம் வாரம் சுவரில் போர்வை தொங்கவிட்டேன். மூன்றாம் வாரம் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, அதன் சத்தத்தைக் கூட்டும் திருகில் சிவப்பு டேப்பால் ஒரு கோடு போட்டு, "இதுக்கு மேல போகக் கூடாது" என்று கறாராகச் சொன்னேன். நான் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். வீடு போய்ச் சேருவதற்குள் அண்ணன் போன் பண்ணுவான்: "டேய், மறுபடி கத்துதுடா."

நாலாம் தடவை போனபோது திருகு கோட்டைத் தாண்டி முழுசாகத் திரும்பியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"நானா? அந்த அறைக்குள்ள நான் எட்டிப் பார்த்தாலே உன் அண்ணி முறைப்பா. இதுல திருக வேற போறேனா?" என்றான்.

சரி, சத்தம் எந்தச் சுருதியில் கிளம்புகிறது என்றாவது பார்ப்போம் என்று, வேண்டுமென்றே அதை வரவழைத்தேன். என் போனிலும் வகுப்பைத் திறந்து ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். கீ...ங் என்று கிளம்பியது பாருங்கள், பல்லெல்லாம் கூசிவிட்டது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். சமையலறையிலிருந்து அண்ணன் கத்தினான்.

அண்ணி பாட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, வருதா?"

போனை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருகைத் திருப்பியது யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அண்ணி, உங்களுக்கு அது கேக்கலையா?"

அவர் நோட்டை மூடினார். "இடது காது போய் ரெண்டு வருஷமாச்சு" என்றார். முப்பது வருஷமாக வயலின் அந்தக் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் பாடிக்கொண்டிருக்கிறது. "வலது பக்கமும் மேல் சுருதியில கீச்சுன்னு வர்றது எதுவும் பிடிபடறதில்ல. அதான் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கிறேன். காது கேக்காத டீச்சர்கிட்ட யார் தம்பி வருவாங்க? உங்க அண்ணனுக்கே தெரியாது."

கோட்டைத் தாண்டக் கூடாது என்று அவரை அதட்டியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன். "அதட்டினது பரவாயில்ல, என் நல்ல போர்வையில ஆணி அடிச்சீங்களே" என்றார்.

மறுநாள் காது டாக்டரிடம் போனோம். கருவி வர மூன்று வாரம் ஆகும் என்றார். மாதத்தின் கடைசி வகுப்போ சனிக்கிழமை. ஸ்பீக்கர்கள் இரண்டையும் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். வலது காதுக்கு மட்டும் ஒரு சின்ன இயர்ஃபோன் கொடுத்து, அதில் மேல் சுருதிச் சத்தங்களை மட்டும் தூக்கலாக வைத்தேன். கழுத்து இடது பக்கம் சாய்வதால் வயலினுக்கு அது இடைஞ்சல் பண்ணவில்லை.

சனிக்கிழமை ஐந்து முகங்களும் திரையில் வந்தன. நான் கதவோரம் நின்றேன். கீங் வரவில்லை. பல் டாக்டர் வாசிக்க ஆரம்பித்தார். நாலு வரிகூடப் போகவில்லை, அண்ணி கையைத் தூக்கி நிறுத்தினார்.

"டாக்டர், மெல்லிசுக் கம்பியில வில் படும்போது ஒரு கீச்சு வருது. வில்லை நேரா இழுங்க."

டாக்டர் விழித்தார். "டீச்சர், அது ஒரு வருஷமா வருதே. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னதும், அது அப்படித்தான் வரணும் போலன்னு கஷ்டப்பட்டு வரவழைச்சுக்கிட்டு இருக்கேன்."

பஸ் டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. இணைப்பில் கோளாறு என்று ஒரு பொய் சொல்லிச் சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கல டாக்டர்" என்றார். "என் ஒரு காது போயிடுச்சு. இன்னொண்ணு பாதி. அதை மறைக்கத்தான் ஸ்பீக்கரை முழுசா வெச்சு உங்க எல்லாரையும் படுத்தினேன். இனிமே வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

ஐந்து கட்டங்களும் அசையவில்லை. டாக்டர் வயலினைத் தோளிலிருந்து இறக்கினார். ஆள் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் பாடப் புத்தகத்தை எடுத்து, பின்னாலிருந்து முன்னால் புரட்டினார்.

"அப்போ முதல் பாடத்துலேர்ந்து வாசிக்கறேன் டீச்சர். இதுவரைக்கும் நீங்க கேக்கவே இல்லையே."

"எங்களதும்தான்" என்றார் பஸ் டிரைவர்.

அண்ணி இயர்ஃபோனை ஒரு விரலால் அழுத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "வாசிங்க" என்றார்.