தோல்வி தேவதையின் திராட்சைத் தொப்பி

மால்சுன் அம்மாவுக்குக் கர்த்தர் எல்லாம் கொடுத்திருந்தார். சியோல் நகரத்தில், ஜோங்காக் சந்துக்குள் ஒரு சின்ன விடுதி. மேலே நாலு அறை, கீழே அவருடைய அடுப்படி. சர்க்கரை வியாதி உண்டு, ஆனால் கட்டுக்குள். விடியற்கால ஜெபத்துக்கு நடந்து போகிற தூரத்தில் சபை. ஒன்றே ஒன்றுதான் கொடுக்கவில்லை. அவர் நேரில் போய் உட்கார்ந்த எந்த ஆட்டத்திலும் நரிகள் அணி ஜெயித்ததில்லை.

நரிகள் என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டு அணி. ஐந்து பையன்கள் மேடையில் உட்கார்ந்து பட்டன் தட்டுவார்கள். எதிரே ஐந்து பேர் தட்டுவார்கள். கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தும். அந்த ஐவரில் நடுவில் உட்காருகிறவன் போடோ. போடோ என்றால் திராட்சை. பெற்றவர்கள் வைத்த பேர் நாம் கிதே, ஆனால் அந்தப் பேரை அவனே மறந்திருப்பான். கணவர் இறந்த வருஷம், டிவியை அணைக்க மனமில்லாமல் ஓடவிட்டிருந்தபோது, தோற்றுப்போய் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பையனின் முகத்தை மால்சுன் பார்த்தார். அன்றிலிருந்து அவருடைய ஜெபத்தில் நாட்டுக்கு அடுத்த இடம் அவனுக்கு.

அவனை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்து, கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணி மட்டும் ரசிகர்களை வரிசையில் நிறுத்திச் சந்திக்கும். தோற்றவர்கள் மேடையில் குனிந்து வணங்கிவிட்டுப் பின்வாசல் வழியாக வண்டி ஏறிவிடுவார்கள். மால்சுன் வீட்டில் இருந்தால் நரிகள் ஜெயிக்கும், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். மால்சுன் திராட்சைக்குலை தைத்த தொப்பியோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தால் நரிகள் தோற்கும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். ரசிகர் குழுவில் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள். தோல்வி தேவதை. தேவதை என்று சேர்த்தது மரியாதைக்காக.

"ராசி பாக்குறது விக்கிரக ஆராதனைம்மா" என்று போதகர் சொன்னார். சொன்ன போதகர், பேஸ்பால் ஆட்டம் இருக்கிற நாளில் துவைக்காத காலுறைதான் போடுவார். அது விக்கிரகத்தில் சேராது போலிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை நெருங்கியது. திமிங்கலங்கள் அணியோடு ஆட்டம். தோற்றால் நரிகளுக்கு அந்த வருஷம் முடிந்தது. போடோவுக்குக் கட்டாய ராணுவ சேவைக்குப் போகிற வயசு, ஆட்டப் பருவம் முடிந்ததும் தலையை மழித்துக்கொண்டு போகிறான். ரசிகர் குழுவின் தலைவி சேரின், காப்பீட்டு ஆபீசில் வேலை பார்க்கிற பெண், முன்கூட்டியே போன் பண்ணினாள்.

"சித்தி, சாப்டீங்களா? உடம்பு நல்லாருக்கா? சனிக்கிழமை வீட்லயே இருங்க."

"நல்லா விசாரிச்சே போ."

"கோவப்படாதீங்க. நீங்க வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"நான் என்ன மேடைல ஏறி அவன் கையத் தட்டி விட்டேனா?"

"அதுக்கு நீங்க மேடை ஏறவே வேணாம் சித்தி. வாசல்ல கால் வச்சாலே போதும்."

மால்சுன் போனை வைத்தார். டிக்கெட்டும் இல்லை. விற்பனை திறந்து கண் இமைக்கும் முன் தீர்ந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் சீட்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துத் தெருப் பையனைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்டிப் பிறந்திருக்க வேண்டும். மால்சுன் அம்மாவுக்கு அந்த முன்யோசனை இல்லாமல் போனது.

அப்போதுதான் மேல் அறை விருந்தாளி ஃபகுந்தோ கீழே இறங்கி வந்தான். உருகுவே நாட்டுப் பையன். திமிங்கலங்களைப் பார்ப்பதற்காகவே உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தவன். போனில் தன் மொழியில் பேசுவான், போன் அதைக் கொரிய மொழியில் திருப்பிச் சொல்லும். போனுக்குப் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிற குரல்.

"மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளரே, எனது சகோதரன் வயிற்றினால் வீழ்ந்தான். அவனது நுழைவுச்சீட்டு துயரத்தில் உள்ளது. தாங்கள் என்னுடன் எழுந்தருள்வீர்களா?"

சீட்டு திமிங்கலங்கள் பக்கத்தில். மால்சுன் வேண்டாமென்று கையை ஆட்டினார். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல் விஷயத்தைச் சேரினிடம் சொன்னார். மறுமுனையில் சேரினுக்கு ஞானம் பிறந்தது.

"சித்தி! போங்க! கண்டிப்பா போங்க! நீங்க எந்தப் பக்கம் உக்கார்றீங்களோ அந்தப் பக்கம்தானே தோக்கும்? போய் திமிங்கலத்துக்குக் கத்துங்க!"

"என் பிள்ளைக்கு எதிரா நான் கத்தணுமா?"

"அவனுக்காகத்தான் எதிரா கத்தப் போறீங்க. வேலைய முழுசா செய்யணும் சித்தி. கைல தூக்குற பலகை திமிங்கலப் பலகை. தொப்பி கூடாது. வாசல்ல வரிசைச் சீட்டு வாங்குவீங்கல்ல, அதையும் அவங்களதே வாங்குங்க. அரைகுறையா செஞ்சா பலிக்காது."

வரிசைச் சீட்டு என்பது ஆட்டத்துக்குப் பிறகு சந்திப்பு வரிசையில் நிற்க. நுழையும்போதே ஏதாவது ஒரு அணிக்கு மட்டும்தான் தருவார்கள். திமிங்கலச் சீட்டு வாங்கினால், நரிகள் ஜெயித்தாலும் போடோவைப் பார்க்க முடியாது. இது மால்சுனுக்குத் தெரியும். சேரினுக்கும் தெரியும். சேரின் ஏற்கெனவே பல தடவை வரிசையில் நின்றவள், அதனால் மற்றவர்களுடைய தியாகத்தில் அவளுக்கு நல்ல தெளிவு இருந்தது.

சனிக்கிழமை விடியற்கால ஜெபத்தில் மால்சுன் மண்டியிட்டார். "அப்பா, இன்னைக்கு நான் ஒரு பொய் பலகை தூக்கப் போறேன். கணக்குல வச்சுக்காதீங்க." தொப்பியை மட்டும் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அதை விட்டுப்போக மனம் வரவில்லை.

அரங்கத்தில் ஃபகுந்தோ அவருக்கும் சேர்த்துப் பலகையில் ஒரு திமிங்கலம் வரைந்தான். அது கொழுத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. ஆட்டம் தொடங்கும்முன் இரண்டு பக்கமும் ஒரே குரலில் அணிப் பேரைக் கத்துவது வழக்கம். ஒண்ணு, ரெண்டு, மூணு! மால்சுன் வாயை மட்டும் அசைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து போனுக்குச் செய்தி வந்தது: "சித்தி, சத்தம் வரல. வயித்துலேர்ந்து கத்துங்க."

கத்தினார். பக்கத்தில் ஃபகுந்தோ ஆனந்தத்தில் அவர் தோளைக் கட்டிக்கொண்டான்.

மொத்தம் மூன்று ஆட்டம், இரண்டை ஜெயிக்கிறவர்களுக்கு வெற்றி. முதல் ஆட்டத்தில் நரிகள் தோற்றன. சேரினிடமிருந்து ஒரே ஒரு கேள்விக்குறி வந்தது. மால்சுன் சிலுவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு காலம் சாபம் என்று சொன்னது சாபமும் இல்லை, ஒன்றும் இல்லை, நரிகள் சும்மாவே தோற்கிறவர்கள்தானோ?

இடைவேளையில் கேமராக்காரன் வழக்கம்போல வெளிநாட்டு முகம் தேடினான். வெளிநாட்டவன் கிடைத்துவிட்டால் இந்த ஊர்க் கேமராவுக்குப் பசி அடங்கிவிடும். பெரிய திரையில் ஃபகுந்தோ வந்தான். அவன் தோளோடு தோளாக, கத்தரிக்காய்த் திமிங்கலத்தைப் பிடித்தபடி மால்சுன் அம்மா வந்தார். மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த போடோ நிமிர்ந்து பார்த்தான். பாட்டில் வாயிலேயே நின்றது.

மால்சுன் பலகையால் முகத்தை மூடினார். திரையில் அது இன்னும் பெரிய திமிங்கலமாகத் தெரிந்தது.

இரண்டாவது ஆட்டம் நரிகளுக்கு. மூன்றாவதும். போடோ பேய் பிடித்தவன் மாதிரி ஆடினான். நரிகள் பக்கம் எழுந்து குதித்தது. திமிங்கலங்கள் பக்கத்தில் ஃபகுந்தோ முழங்காலில் தலை வைத்து அழுதான். அவனுக்குப் பக்கத்தில் மால்சுன் அம்மாவும் அழுதார். பார்த்தவர்கள், பாவம், இந்த அம்மா திமிங்கலங்கள் மேல் எவ்வளவு பாசமாக இருக்கிறார் என்று நினைத்தார்கள்.

மேடையில் பேட்டி எடுத்தார்கள். "முதல் ஆட்டத்துக்கு அப்புறம் எப்படித் திரும்பி வந்தீங்க?"

போடோ காதைச் சொறிந்தான். "நாங்க தோக்குற அன்னைக்கெல்லாம் குனிஞ்சு நிமிரும்போது முன்வரிசைல திராட்சைத் தொப்பி போட்ட ஒரு அம்மா இருப்பாங்க. எங்களவிட அதிகமா அழுவாங்க. இன்னைக்குத் திரைல பாக்குறேன், திமிங்கலத்தப் புடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. வயிறு எரிஞ்சிடுச்சு. அப்புறம்தான் விரல் ஓடுச்சு."

அரங்கம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"அம்மா, இந்தப் பக்கமே வந்துடுங்க. நாங்க தோத்தா அது எங்க கை. உங்க கால் இல்ல. தோக்குறதுக்கு எங்களுக்கு ஆள் துணை தேவையே இல்ல."

கூடத்துக்கு வெளியே நரிகள் வரிசை நீண்டது. மால்சுன் கையில் திமிங்கலச் சீட்டு. வாசலில் நின்ற பையன் பணிவாகத் தலையாட்டி மறுத்தான். இந்த ஊரில் மறுப்பதை மட்டும் மிக அழகாகச் செய்வார்கள். மால்சுன் நேராக வரிசையில் நின்ற சேரினிடம் போனார்.

"மாத்திக்கோ."

"சித்தி, எனக்கு இது கடைசி..."

"உனக்கு எத்தனாவது கடைசி? அவன் கையக் குலுக்கிக் குலுக்கி உன் கைல ரேகையே அழிஞ்சிருக்கும். கொண்டா."

சேரின் சுற்றும் முற்றும் பார்த்தாள். வரிசை முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டு கை மாறியது.

எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள்! ராணுவத்தில் குளிருக்குப் பார்த்து நட, முதுகை நிமிர்த்தி உட்கார், கர்த்தர் உன்னோடு இருப்பார். போடோ எதிரே வந்து நின்றதும் எல்லாம் எங்கேயோ போயின.

"தொப்பி எங்கம்மா?" என்றான் அவன்.

கைப்பையைத் திறந்து தொப்பியை எடுத்து மாட்டினார். ஒரு திராட்சை நசுங்கித் தொங்கியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சாப்டியாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

"அடுத்து!" என்றான் வாசல் பையன்.

அன்று ஃபகுந்தோவுக்கு எலும்புச் சூப்பு வாங்கிக் கொடுத்தார். அவன் போன் சொன்னது: "எனது வேதனை சூடாக உள்ளது. நன்றி."

திமிங்கலங்களின் ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் தோல்விக்குக் காரணம் யார் என்று அவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு அணியும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அடுத்த ஆட்டம் கரடிகள் அணியோடு. சேரின் செய்தி அனுப்பினாள்: "சித்தி, கரடிப் பக்கம் டிக்கெட் பாக்கவா? செலவு குழுவோடது."

"நான் நம்ம பக்கம்தான் உக்காருவேன். அவனே சொல்லிட்டான்."

"அவன் சின்னப் பையன் சித்தி. அவனுக்கு என்ன தெரியும்?"

மால்சுன் அம்மா முன்வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்தார். நரிகள் தோற்றன. குழுவில் அன்று ஒருவரும் அவரோடு பேசவில்லை. சேரின் பக்கத்து இருக்கையைக்கூட விட்டு எழுந்து போய்விட்டாள்.

மேடையில் ஐந்து பேரும் குனிந்து வணங்கினார்கள். நான்கு பேர் நிமிர்ந்து பின்வாசலுக்கு நடந்தார்கள். போடோ மட்டும் நின்று, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, இருட்டுக்குள் திராட்சையைத் தேடினான். கிடைத்ததும், சோற்றை அள்ளி வாயில் வைப்பதுபோல் கையால் காட்டினான்.

இன்று சாப்பிட்டுவிட்டானாம்.