போஞ்சிப் பாத்தியில் பங்க் இசை

எங்கள் இசைக்குழுவில் இரண்டே பேர். கிட்டாரும் பாட்டும் நான். ட்ரம்ஸ், எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து லயத்தில் இருக்கும் தோழி. நான் மஸ்கெலியாவில் பாலர் பாடசாலை ஆசிரியை, அவளுக்கு ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை. பங்க் இசையை அவள்தான் போனில் கண்டுபிடித்தாள். கிட்டாரில் மூன்று கோர்ட் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கத்திச் சமாளிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்தப் பாட்டுகளில் பாதி, கூண்டில் அடைத்த மிருகங்களுக்காகவும் அறுபடும் மாடுகளுக்காகவும் கோபப்பட்டன. அகராதி வைத்து வரிகளைப் படித்தோம். அவள் கோழிக்கறியை விட்டாள். நான் கருவாட்டில் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலை மலையில் நாய் கதறுவது கேட்டு ஓடினோம். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் எங்கள் லயத்து நாயின் முன்னங்கால் மாட்டியிருந்தது. நான் தலையைப் பிடித்துக்கொள்ள, தோழி குறடால் கம்பியை வெட்டினாள். ஆட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அன்று மாலையே ‘கம்பியை அவிழ்’ என்று ஒரு பாட்டு எழுதினோம்.

தீபாவளிக் கலை நிகழ்ச்சியில் அதைப் பாடினோம். இரண்டு நிமிடம்கூட வராது. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. மேடையை விட்டு இறங்கினால், லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டிப் போஞ்சிக்காய் பயிரிடும் மாமா நின்றிருந்தார்.

“பாட்டு ஒண்ணும் வெளங்கல புள்ள. கம்பின்னது மட்டும் கேட்டுச்சு,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அத வச்சது நான்தான்.”

எனக்குக் கோபம் பொங்கியது. தோழிதான் நாயின் புண்ணைப் பற்றி நிதானமாகச் சொன்னாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை என்றார் அவர். ஆனால் பன்றிகள் பாத்தியை உழுதுபோட்டால் தான் என்ன செய்வது என்றும் கேட்டார்.  நாங்கள் கேட்ட பாட்டுகளில் அதற்குப் பதில் இல்லை.

அவரே சொன்னார்: “இந்தச் சத்தத்த நம்ம பாத்திகிட்ட வந்து போடுங்களேன். பன்னி என்ன, புலியே வராது.”

மறுநாள் அவரோடு போய் மிச்சமிருந்த ஆறு கம்பிகளையும் கழற்றினோம். அதன் பிறகு மாலைதோறும் போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே ஒத்திகை. பெரிய ட்ரம்மை மாமாவே தலையில் சுமந்து வருவார். நாங்கள் வாசித்த நாட்களில் பன்றி வரவில்லை. மழையால் நாங்கள் போகாத ஒரு வாரத்தில் பன்றிகள் பாதிப் பாத்தியை உழுதுபோட்டன. அவர் மறுபடி கம்பி வைக்கவில்லை. பழைய தகரங்களால் வேலி அடைத்தார். நாங்கள் பிடித்துக் கொடுத்தோம்.

நாய்க்குக் கால் ஆறிவிட்டது. ஓடும்போது மட்டும் கொஞ்சம் நொண்டும்.