வெள்ளைத் தையல் எங்கே போச்சு?

போன செவ்வாய்க்கிழமை எனக்கு வயிறு எரிந்தது. காரமாக எதுவும் சாப்பிடவில்லை. சுத்தமான பொறாமை!

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே, ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் கேட்லாக் போடுவது என் பொறுப்பு. ஷூவை வெள்ளை பேப்பர் மேல் வைத்து போட்டோ எடுப்பேன். அந்த வெள்ளையை கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால், பின்னால் எந்தக் கலரை வைத்தாலும் ஷூ அழகாக உட்காரும். பன்னிரண்டு வருஷமாக இங்கே கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், 'சாரைக் கூப்பிடு' என்பார்கள். அந்த சார் நான்தான்.

அன்று பதினோரு மணிக்கு, எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் வருகிறார். கறுப்பு லெதரில் வெள்ளை நூல் தையல் போட்ட புது மாடல். அந்தத் தையலுக்காகத்தான் அவர் வருவதே. பத்தரைக்கு மீட்டிங் ரூம் டிவியில், மேனேஜர் பாய்க்குப் பிடித்த கறுப்புப் பின்னணியில், படத்தைப் போட்டேன்...

தையலைக் காணோம்!

என் மானிட்டரில் பளிச்சென்று இருந்த வெள்ளை, டிவியில் கன்னங்கரேல். பாய் முகம் மாறிவிட்டது.

"இன்னா சார் இது? ஒயிட் ஸ்டிச் எங்க? பையர் கேட்டா இன்னா சொல்றது?"

"டிவில கலர் சரியில்ல பாய்" என்றேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். பிரைட்னஸை ஏற்றினேன். ரீஸ்டார்ட் செய்தேன். ம்ஹூம்!

அப்போதுதான் ஸ்டெல்லா உள்ளே வந்தாள். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். சேர்ந்து நாலே மாசம். எனக்குப் பக்கத்து டேபிள்.

"சார், நான் ஒரு வாட்டி பாக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாய், "பாரும்மா பாரு" என்றுவிட்டார்.

அவள் டிவியையே தொடவில்லை. படத்துக்குப் பின்னால் இருந்த கறுப்பை சிவப்பாக மாற்றினாள். தையலும் சிவப்பாகிவிட்டது! பச்சை வைத்தாள். தையலும் பச்சை!

"டிவி நல்லாதான் இருக்கு சார். வெள்ளைய அழிச்சீங்கல்ல, நூலும் வெள்ளைதான? அதுவும் சேந்து அழிஞ்சிருக்கு. தையல் பூரா ஓட்டை. உங்க மானிட்டர்ல பின்னாடி வெள்ளை பேஜ் இருந்ததால தெரியல."

வெள்ளையை அழிக்காத பழைய போட்டோவைத் திறந்தாள். உள்ளே இருக்கும் நூலைத் தொடாமல், ஷூவைச் சுற்றி வெளியே இருக்கும் வெள்ளையை மட்டும் அழிக்க ஒரு டிக் இருக்கிறதாம். அதைப் போட்டாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன... அந்த நிமிஷம், 'இது சரியாக வரவே கூடாது' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். பையர் கார் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கும்போது!

வந்துவிட்டது. கறுப்பு மேல் வெள்ளைத் தையல், ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது.

"மாஷா அல்லா! சார், இனிமே கேட்லாக்க ஸ்டெல்லாகிட்டயே குடுத்துடலாமா?" என்றார் பாய்.

"ஐயோ, வேணாம் பாய். போட்டோ எல்லாம் சார்தான் சூப்பரா எடுத்திருக்காரு. நான் ஒரு டிக்தான் போட்டேன்" என்றாள் அவள்.

பாருங்கள் – நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள்! நிம்மதியாகத் திட்டக்கூட வழியில்லை.

உலகத்தில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டரில் புலிகள். அவர்கள் மேல் எனக்கு என்றைக்காவது எரிந்ததா? பொறாமை ரொம்பத் தூரம் போகாது போலிருக்கிறது. பக்கத்து டேபிளோடு நின்றுவிடுகிறது.

சனிக்கிழமை எங்கள் கம்பெனியின் நாட்றம்பள்ளி யூனிட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, வெள்ளை லேஸ் போட்ட ஷூண்ணே. படத்துல லேஸ் மட்டும் கறுப்பா தெரியுது. பேஜாரா இருக்குண்ணே!"

அதே டிக்கைப் போடச் சொன்னேன். ரெண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

"அண்ணேன்னா அண்ணேதான்! எப்டிண்ணே கண்டுபுடிச்சீங்க?"

"எல்லாம் அனுபவம்பா" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்து டேபிளில் ஸ்டெல்லா. தலையைக் குனிந்து டைப் செய்துகொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் லேசாகச் சிரிப்பு.

அவள் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவள். படிக்கட்டும்... நேரில் நன்றி சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லையே!