மேக்கில் ரெஃப்ரெஷ் இல்லை

இன்று விண்டோஸ் கணினியிலிருந்து மேக்குக்கு மாறினேன். மரவள்ளி சாகுபடி பற்றி நான் பாதி எழுதிய புத்தகம் இதில் திறக்குமா என்று பயம். தனியாகத் திறந்து பார்க்கத் துணிவில்லாமல், ராசிபுரத்தில் அதை வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

கோப்பைத் திறக்கும் முன், வழக்கம்போல ரெஃப்ரெஷ் செய்ய வலது கிளிக் செய்தேன். அது பட்டியலில் இல்லை. மறுபடியும் தேடினேன்.

"என்னங்க ஐயா தேடறீங்க?" என்றார் கடைக்காரப் பெண்.

"ரெஃப்ரெஷ்ங்க. அஞ்சு தடவ பண்ணிட்டுத்தான் எதையும் தொறப்பனுங்க."

"பண்ணுனா என்னங்க ஆவும்?"

"இருபது வருசப் பழக்கமுங்க."

"சும்மா தொறங்க சாமி, ஒண்ணும் ஆவாது."

திறந்தேன். ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை. அங்கேயே ஏழாம் அத்தியாயத்தின் முதல் வரியைத் தட்டினேன்.

இருந்தாலும் கேட்கிறேன். ரெஃப்ரெஷ் செய்தால் என்னதான் ஆகும்? உங்களில் யாருக்காவது தெரியுமா?